தாதியரின் பணிக்கருகலும் அதனை அளக்கும் முறையும்

நோயாளரின் கட்டிலருகே ஓர் அட்டை தொங்குதல் வைத்தியசாலைகளிற் காணப்படும் வழக்கமான காட்சியாகும். உடல் வெப்பம், நாடித்துடிப்பு, சுவாச வேகம், குருதியமுக்கம் என்பன உரிய நேரந் தவறாது அதிற் குறிக்கப்படுகின்றன. குறிப்பவர் தாதி. குறிப்பவருடைய நிலையைக் குறித்து வைத்தற்கு நெடுங்காலமாக அட்டை எதுவும் இருந்ததில்லை. தாதியர் பணியை ஒழுங்குபட்ட தொழிலாக நிலைநாட்டிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் கணக்கெடுப்பிற் பேரீடுபாடு கொண்டவர். கிரிமியப் போரில் மாண்ட வீரருட் பெரும்பாலோர் படைக்கலத்தாற் பட்ட காயத்தால் மாண்டவரல்லர், தடுக்கத்தக்க நோய்களால் மாண்டவரே என்பதை அவர் 1858 இல் வரைபடங்களாற் காட்டினார். ஆயின் அவர் எண்ணியது நோயாளரின் இறப்பை. நோயாளரைப் பேணுவோரின் உள்ளம் எவ்வளவு தேய்ந்தது என்பதை எண்ணால் அறியும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் கடைக் காற்பகுதியிலேதான் தொடங்கியது. கொள்ளைநோயும் போரும் போன்ற நெருக்கடிகள் வரும்போது அம்முயற்சியின் தேவை மிகுகின்றது. அதன் குறைபாடுகளும் அப்பொழுதே வெளிப்படுகின்றன.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். ஆங்கிலத்திற் ‘பேண் அவுட்’ எனப்படும் நிலையைத் தமிழிற் பணிச்சோர்வு என்று கூறுவோர் உளர். சோர்வு என்பது ஓரிரவு உறங்கி எழுந்தால் நீங்கக்கூடியது. மனச்சோர்வு என்றாலோ அது வேறொரு நோயின் பெயராகிவிட்டது. இங்கே பேசப்படுவது இவ்விரண்டும் அன்று. எண்ணெய் வற்றிய விளக்கிலே திரிதானே எரிந்து கருகுவதைப் போல, பிறர்க்கு உதவும் பணியில் நெடுநாள் ஈடுபட்டவர் கொடுப்பதற்கு உள்ளத்தில் ஒன்றும் எஞ்சாத நிலையை அடைதலே இங்கு கருதப்படுவது. ஆதலின் இக்கட்டுரையிற் பணிக்கருகல் என்ற சொல்லே ஆளப்படுகின்றது. ஆங்கிலச் சொல்லும் முதலில் அறிவியற் சொல்லாக இருந்ததில்லை. கிரகாம் கிறீன் 1960 இல் வெளியிட்ட நாவலொன்றின் தலைப்பில் அச்சொல் வருகின்றது. கொங்கோ நாட்டுத் தொழுநோய் நிலையமொன்றிற் கதை நிகழ்கின்றது. நோய் தன் அழிவையெல்லாம் செய்து முடித்து ஓய்ந்த தொழுநோயாளரைக் குறிக்கும் வழக்கிலிருந்தே அத்தலைப்பு எடுக்கப்பட்டது.

அதே 1960 ஆம் ஆண்டில், பெயரை இன்னும் அறியாமலே, இப்பொருளின் கருவை ஒருவர் கண்டெழுதினார். இலண்டனிலுள்ள தவிஸ்ரொக் நிறுவனத்தைச் சேர்ந்த இசபெல் மென்சீஸ் என்பார் பெரியதொரு போதனா வைத்தியசாலையின் தாதியர் பிரிவை ஆராய்ந்தார். பயிற்சிக்கு வந்த மாணவத் தாதியருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் பயிற்சியை முடிக்காது விலகினர். எஞ்சியோரின் வேலையோ, ஒரு தாதி ஒரு நோயாளரை முழுமையாகப் பேணாதவாறு சிறு சிறு கடமைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நோயாளர் பெயராலன்றிக் கட்டில் எண்ணாலும் பழுதுற்ற உறுப்பாலும் சுட்டப்பட்டனர். துன்பத்தையும் இறப்பையும் நாள்தோறும் அணுகி நிற்பவரை அந்த அச்சத்திலிருந்து காக்க வைத்தியசாலை தானறியாமல் அமைத்துக்கொண்ட வேலி இது என்றும், அவ்வேலி காப்பதைவிடக் கெடுப்பதே அதிகம் என்றும் அவர் முடிவு செய்தார். பின்னாளில் வந்த அளவுகோல்கள் வினாக்களால் தேடிய பொருளை மென்சீஸ் அம்மையார் உற்றுநோக்கலாலேயே கண்டுவிட்டார் எனலாம்.

பெயரை உளவியலுக்குக் கொண்டுவந்தவர் ஹேர்பேட் புறொய்டன்பேகர். ஜேர்மனியிலே பிறந்து, நாசிகளின் கொடுமைக்குத் தப்பி இளமையிலேயே அமெரிக்கா சேர்ந்த இவர் நியூயோர்க்கில் உளவியலறிஞராகத் தொழில் செய்தார். பகலிலே தம் தொழிலும் இரவிலே வறியோர்க்கான இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டுமாக இருந்த அவர், தம்முடன் தொண்டு செய்த இளைஞர்கள் சில மாதங்களில் ஊக்கம் அற்று, எரிச்சலும் ஏளனமும் உடையவராக மாறுவதைக் கவனித்தார். 1974 இல் அதனை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். மிகுந்த பற்றோடு வந்தவர்களே முதலிற் கருகுகின்றனர் என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. சோம்பரைப் பற்றியதன்று இவ்வாராய்ச்சி என்பதை மனத்திருத்துதல் நன்று. ஏனெனில் மேலதிகாரிகள் பலர் இன்றும் அவ்வாறே எண்ணுகின்றனர்.

கண்டதை அளவைக்குட்படுத்தியவர் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்துச் சமூக உளவியலறிஞர் கிறிஸ்ரினா மஸ்லாக் ஆவர். அவரும் சூசன் ஜாக்சனும் 1981 இல் வெளியிட்ட வினாக்கொத்தே இன்றுவரை உலகெங்கும் மிகுதியாகக் கையாளப்படுவது. அதில் 22 கூற்றுக்கள் உள. ஒவ்வொரு கூற்றும் தமக்கு எத்துணை முறை நேர்கின்றது என்பதை, ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்கு 0 தொடக்கம் ‘நாள்தோறும்’ என்பதற்கு 6 வரை, ஓர் எண்ணால் விடையிறுத்தல் வேண்டும். அக்கூற்றுக்கள் மூன்று கூறுகளாக அமைந்துள்ளன. முதலாவது உணர்ச்சி வறட்சி; இதற்கு 9 கூற்றுக்கள், உச்சப் புள்ளி 54. இரண்டாவது நோயாளரை ஆளாக நோக்காது பொருளாக நோக்கும் மனப்பாங்கு. இதனை ஆள்நோக்கிழப்பு எனலாம். 5 கூற்றுக்கள், உச்சப் புள்ளி 30. மூன்றாவது தம் பணியாற் பயன் விளைகின்றது என்ற நிறைவு. 8 கூற்றுக்கள், உச்சப் புள்ளி 48. முதலிரண்டும் உயர்ந்தும் மூன்றாவது தாழ்ந்தும் இருத்தல் கருகலின் அடையாளம்.

மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்குதல் கூடாது என்று இதனை ஆக்கியோர் கண்டிப்பாகக் கூறினர். கணிதமும் தமிழும் சித்திரமும் ஆகிய மூன்றிலும் ஒரு மாணவன் பெற்ற புள்ளிகளைக் கூட்டிச் சராசரி கண்டால் அவன் எதில் வல்லவன் என்பது மறைந்துவிடும். கருகலிலும் அவ்வாறே. உணர்ச்சி வறண்டும் நோயாளர்பால் அன்பு குன்றாத தாதி ஒருத்தியும், களைப்பில்லாமலே நோயாளரை மரக்கட்டையாய் நோக்கும் தாதி ஒருத்தியும் ஒரே கூட்டுத்தொகை பெறக்கூடும். இருவர்க்கும் வேண்டிய உதவி ஒன்றன்று. எனினும் இந்த எச்சரிக்கையை ஆய்வாளர் பலர் பொருட்படுத்தவில்லை.

எத்தனை புள்ளிக்கு மேல் ஒருவரைக் கருகியவர் என்று கூறலாம்? இவ்வினாவிலேதான் பெரும் மயக்கம் நேர்ந்திருக்கின்றது. உணர்ச்சி வறட்சியில் 27 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளி ‘உயர் நிலை’ எனக் கட்டுரைகளிற் காணப்படும். அந்த 27 எங்கிருந்து வந்தது? நோயுற்றோரை மருத்துவர் ஆராய்ந்து கண்ட எல்லையன்று அது. தொடக்கத்தில் வினாக்கொத்துக்கு விடையளித்த அமெரிக்கப் பணியாளரைப் புள்ளி வரிசையில் நிறுத்தி, அவ்வரிசையை மூன்று சம பங்குகளாக வெட்டியபோது மேற்பங்கு தொடங்கிய இடமே 27. ஆசிரியர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும். வகுப்பிலே முதல் மூன்றிலொரு பங்கினரை ‘வல்லவர்’ என்று அழைப்பதாக ஓர் ஆசிரியர் விதி செய்துகொண்டால், வகுப்பு எத்துணை மந்தமாக இருப்பினும் அங்கே வல்லவர் மூன்றிலொரு பங்கினர் இருந்தே தீர்வர். அது தரவரிசை, தகுதியளவு அன்று. ஆக்கியோரே இதனை உணர்ந்து 2016 இல் வெளிவந்த நான்காம் பதிப்பின் கைந்நூலில் இவ்வெல்லைப் புள்ளிகளை நீக்கிவிட்டனர். கட்டுரைகளில் அவை இன்னும் வாழ்கின்றன.

இதன் விளைவு 2018 இல் வெளியான ஒரு மீளாய்விற் புலனாயிற்று. மருத்துவர்களின் கருகல் பற்றி 45 நாடுகளில் நடந்த 182 ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர் ஒருங்கு திரட்டி நோக்கினர். கருகலின் பரம்பல் சில ஆய்வுகளில் 0 என்றும் சிலவற்றில் நூற்றுக்கு 80.5 என்றும் கூறப்பட்டிருந்தது. கருகல் என்பதற்கும் அதன் கூறுகளுக்கும் அவ்வாய்வுகள் கொண்ட வரைவிலக்கணங்கள் 142 ஆகும். படி பலவாயின் நெல்லின் அளவும் பலவாகும். தாதியரைப் பற்றிய ஆய்வுகளும் இக்குறைக்கு விலக்கல்ல.

ஓர் அளவுகோல் இத்துணைக் குறையுடையதாயின் அதனை எறிந்துவிடுவதா? அன்று. முழுமையான எல்லைப்புள்ளி இல்லாத அளவுகோலுக்கும் ஒப்பிடும் ஆற்றல் உண்டு. இதனை விளக்குதற்கு ரொறன்ரோ நகரத்து ஆய்வைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

சார்ஸ் எனப்பட்ட கடுஞ் சுவாச நோய் 2002 நவம்பர் தொடக்கம் 2003 யூலை வரை உலகில் 8,096 பேரைப் பற்றி 774 பேரைக் கொன்றது. ஆசியாவுக்கு வெளியே மிகுதியாகப் பாதிக்கப்பட்ட நகரம் கனடாவின் ரொறன்ரோ. ஹொங்கொங் சென்று மீண்ட மூதாட்டி ஒருவரால் நோய் அங்கே புகுந்தது. அவர் வீட்டிலேயே இறந்தார். அவருடைய மகன், நம்மவர் பெருந்தொகையாக வாழும் ஸ்காபரோப் பகுதியிலுள்ள வைத்தியசாலையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவிற் பல மணிநேரம் காத்துக் கிடந்தார். அங்கிருந்து நோய் வைத்தியசாலைகளுக்குள்ளேயே பரவிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி கனடாவில் நோயுற்ற 251 பேரில் 109 பேர் சுகாதாரப் பணியாளர். நோயைத் தீர்க்கும் இடமே நோயின் விளைநிலமாயிற்று. ரொறன்ரோவில் தாதியர் இருவரும் மருத்துவர் ஒருவரும் உயிரிழந்தனர்.

அந்நாள்களில் தாதியர் பட்ட பாடு சிறிதன்று. நோயாளரோடு தொடர்புற்ற தாதியர் பலர் வேலைக்கும் வீட்டுக்கும் அன்றி வேறெங்கும் செல்லலாகாது என்று தடுக்கப்பட்டனர். வீட்டிலும் முகவுறை அணிந்து, தம் பிள்ளைகளை அணுகாது தனித்துறங்கினர். வைகாசி அளவில் நோய் அடங்கிவிட்டதென்று கருதிக் காப்பு ஒழுங்குகள் தளர்த்தப்பட்டன. ஒரு வைத்தியசாலையிலே தாதியர் ஐயத்துக்குரிய நோயாளரைக் கண்டு எச்சரித்தனர். அவர்களின் சொல் ஏற்கப்படவில்லை. இரண்டாம் அலை எழுந்தது. நீதியரசர் ஆர்ச்சி கம்பெல் தலைமையில் ஒன்ராறியோ அரசு அமைத்த ஆணைக்குழு இவற்றையெல்லாம் விரிவாகப் பதிவு செய்துள்ளது. தாதியரின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லாதவிடத்து, அவர்கள் நிலையை எண்ணாகத் தரும் வினாக்கொத்துக்கு மதிப்புக் கிடைக்கலாம் என்பதும் இவ்வளவை முயற்சிகளின் உள்ளார்ந்த நோக்கங்களுள் ஒன்றெனலாம்.

நோய் ஓய்ந்து 13 மாதங்கள் முதல் 26 மாதங்கள் வரை கழிந்தபின், ரொபேட் மோண்டர் என்ற உளமருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு செய்தனர். சார்ஸ் நோயாளரைப் பேணிய ரொறன்ரோ வைத்தியசாலைகள் 9. சார்ஸ் வராத ஹமில்ற்றன் நகரத்து வைத்தியசாலைகள் 4. இரு நகரங்களும் ஒரே மாகாணத்தில் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் இடைவெளியில் உள்ளவை. அரசின் மருத்துவக் காப்புறுதி ஒன்றே. பயிற்சி முறையும் ஒன்றே. வேறுபாடு, ஒன்றிற் கொள்ளைநோய் வந்தது, மற்றையதில் வரவில்லை என்பதே. 769 பணியாளர் விடையளித்தனர். அவர்களுட் பெருந்தொகையினர் தாதியர். உணர்ச்சி வறட்சியில் 27 என்ற அந்த எல்லையை எட்டியோர் ரொறன்ரோவில் நூற்றுக்கு 30.4; ஹமில்ற்றனில் 19.2. 2006 இல் இம்முடிவுகள் வெளியாயின.

இங்கே 27 என்பதன் குறை ஆய்வைக் கெடுக்கவில்லை என்பதை நோக்குக. கோல் சற்றுக் குறுகியதாயினும் நெடியதாயினும், இரண்டு துணிகளையும் அதே கோலால் அளந்தால் எது நீளமானது என்பது தெரிந்துவிடும். ரொறன்ரோவின் 30.4 தனித்து நின்றால் அதிற் பொருளில்லை. அமெரிக்கப் பணியாளருள் மூன்றிலொரு பங்கினர் சாதாரண காலத்திலேயே அந்நிலையில் இருந்தனரென்றால் இதில் என்ன வியப்பு என்று ஒருவர் கேட்கலாம். ஹமில்ற்றனின் 19.2 அருகே நிற்பதாலேயே நூற்றுக்குப் பதினொருவர் அளவான வேறுபாடு நெருக்கடியின் தடமாகத் தோன்றுகின்றது. அதுவும் நோய் ஓய்ந்து ஓராண்டுக்கு மேலானபின்! ரொறன்ரோப் பணியாளர் நோயாளரோடு பழகும் நேரத்தையும் வேலை நேரத்தையும் குறைத்துக்கொண்டமையும் கூடுதலாக இருந்தது. நெருக்கடி முடிந்தமை அறிவிக்கப்பட்டவுடன் தாதியரின் நெருக்கடியும் முடிந்ததெனக் கொள்வது எவ்வளவு தவறு என்பதற்கு இது சான்று. இவ்வாய்விலும் ஒரு குறை உண்டு. நோய் வருமுன் இவ்விரு நகரத்தாரும் எந்நிலையில் இருந்தனர் என்பது அளக்கப்படவில்லை. முன்னே அவர்கள் ஒத்திருந்தனர் என்ற கருத்தின்மேலேயே ஒப்பீடு நிற்கின்றது.

ஆய்வின் மற்றொரு முடிவு நடைமுறைக்கு மிக வேண்டியது. தமக்குப் போதிய பயிற்சியும் ஆதரவும் கிடைத்தன என்று எண்ணியோரிடத்துத் தீய விளைவுகள் குறைந்து காணப்பட்டன. மனவலிமை மிக்கவர் தப்பினர், மெலியவர் வீழ்ந்தனர் என்ற எளிய விளக்கம் முழுவதும் பொருந்தவில்லை. முகவுறையை எவ்வாறு அணிவது, ஐயம் எழுந்தால் யாரிடம் கேட்பது என்பவற்றை அறிந்திருத்தலும் உள்ளத்துக்கு மருந்தாகின்றது.

இனி 2020 இல் வந்த கொவிட்-19 பெருந்தொற்றை நோக்குவோம். நைற்றிங்கேல் பிறந்த இருநூறாம் ஆண்டை முன்னிட்டு உலக சுகாதார நிறுவனம் தாதியர்க்கும் மருத்துவமாதர்க்கும் உரிய ஆண்டாக அதனை அறிவித்திருந்தது. அவ்வாண்டு தாதியரைக் கொண்டாடிய விதம் வேறாயிற்று. சீனாவின் வூகான் நகரத்து இரண்டு வைத்தியசாலைகளில் முன்னரங்கில் நின்ற 2,014 தாதியரிடம் 2020 பெப்ரவரி நடுப்பகுதியில், நோய் உச்சத்தில் இருந்தபோதே, ஆய்வொன்று நடத்தப்பட்டது. உணர்ச்சி வறட்சியில் நடுத்தர நிலையோ உயர் நிலையோ கண்டவர் நூற்றுக்கு 60.5. ஆள்நோக்கிழப்பில் அவ்வாறானவர் 42.3. காப்புடையின் உராய்வால் தோலிற் புண் கண்டவர் 94.8. இத்தனைக்கும் பின்னர் முன்னரங்கிற் பணியாற்ற விருப்பந் தெரிவித்தவர் 96.8. களைப்பும் விருப்பமும் ஒரே உள்ளத்தில் ஒருங்கே வாழலாம் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. ஆதலின் வேலைக்கு வருகின்றாரே, முகஞ்சுழிக்கவில்லையே என்பதைக்கொண்டு தாதியின் உள்நிலையை அளந்துவிட முடியாது. கண்ணாற் காண இயலாததாலேயே வினாக்கொத்து வேண்டப்படுகின்றது.

கிரேக்க ஆய்வாளர் சிலர் 2021 இல் இத்தகைய ஆய்வுகள் 16 ஐ, மொத்தம் 18,935 தாதியரை உள்ளடக்கியவற்றை, ஒன்றுசேர்த்துக் கணித்தனர். உணர்ச்சி வறட்சி நூற்றுக்கு 34.1, ஆள்நோக்கிழப்பு 12.6, செயல்நிறைவுக் குறைவு 15.2. செய்தித்தாள் படிப்போர்க்கு 34.1 அச்சமூட்டும் எண். மேலே கூறிய மூன்றிலொரு பங்கு நினைவிலிருப்பவரோ சற்று நின்று சிந்திப்பர். நெருக்கடிக்கு முந்திய நிலையோ நெருக்கடி தீண்டாத ஓர் ஊரோ ஒப்பீட்டுக்கு இல்லாதபோது, இந்த எண்ணில் எவ்வளவு பங்கு பெருந்தொற்றுக்குரியது, எவ்வளவு பங்கு எப்பொழுதுமே உள்ள வேலைப்பளுவுக்குரியது என்று பிரித்தல் இயலாது. தாதியர் துன்பப்படவில்லை என்பது இதன் பொருளன்று. அவர்கள் பெருந்தொற்றுக்கு முன்னரே கருகிக்கொண்டிருந்தனர் என்பதும் இதன் பொருளாக இருக்கலாம். அஃது இன்னும் கவலைக்குரியது.

நெருக்கடிக் காலத்தில் அளவுகோலின் சொற்களே பொருள் மாறக்கூடும் என்பதும் கருதத்தக்கது. நோயாளரிடமிருந்து விலகி நிற்றல் சாதாரண காலத்தில் அன்புக்குறைவின் அடையாளம். தலைமுதற் கால்வரை காப்புடையும் முகக்கவசமும் அணிந்து, கட்டிலருகே நிற்கும் நேரத்தைக் குறைக்குமாறு பணிக்கப்பட்ட தாதிக்கு அது மேலிடத்துக் கட்டளை. இருவரும் ஒரே எண்ணை வட்டமிடலாம். இதுபோன்றே இறப்போரின் சுற்றத்தாரை உள்ளே விடாது தடுத்து, தொலைபேசியைத் தாமே பிடித்து இறுதி விடையைக் கேட்கச் செய்த தாதியரின் வேதனை கருகல் அன்று. செய்ய வேண்டியது இன்னதென அறிந்தும் நிறுவன ஒழுங்குகளால் அதனைச் செய்ய இயலாது தவித்தலை அந்திரூ ஜேம்ற்றன் என்னும் மெய்யியலறிஞர் 1984 இலே தாதியர் ஒழுக்கவியல் பற்றிய நூலில் அறத்துயர் என்ற கருத்தாற் பிரித்துக் காட்டினார். 22 கூற்றுக்களுள் அதற்கு இடமில்லை. அச்சம், உளச்சிதைவு, மனச்சோர்வு நோய் என்பவற்றோடும் கருகல் எல்லை கலந்து கிடக்கின்றது. மனச்சோர்வு நோயினின்று கருகலைப் பிரிக்கவே முடியாது என்று வாதிடும் உளவியலறிஞரும் உளர். உலக சுகாதார நிறுவனம் 2022 தொடக்கம் நடைமுறைக்கு வந்த தன் பதினோராம் நோய்ப் பகுப்பில் இதனை நோயென்று கூறாது தொழில்சார் நிலைமை என்றே குறித்துள்ளது.

மஸ்லாக்கின் வினாக்கொத்தில் நிறைவுறாத தேனியர் 2005 இல் வேறொன்று வெளியிட்டனர். கொப்பன்ஹேகன் வினாக்கொத்து எனப்படும் இதில் 19 வினாக்கள். பொதுவான களைப்பு 6, வேலையாலான களைப்பு 7, நோயாளர் அல்லது சேவை பெறுவோரால் உண்டாகும் களைப்பு 6 என்ற பிரிவு. மஸ்லாக்கின் மூன்று கூறுகளுள் ஒன்று நிலை, ஒன்று அந்நிலையைச் சமாளிக்கும் உத்தி, ஒன்று அதன் விளைவு. இம்மூன்றையும் ஒரே பொருளின் பாகங்களாகக் கொள்ளல் பொருந்தாது என்பது அவர்களின் வாதம். கருகல் என்பது மஸ்லாக்கின் வினாக்கொத்து அளப்பதே, அவ்வினாக்கொத்து அளப்பது கருகலையே என்று கூறுவது செக்குமாடு சுற்றுவதைப் போன்றது என்றும் காட்டினர். வாதத்தில் வலிமை உண்டு. தேனியரது வினாக்கொத்து விலையின்றிக் கிடைக்கின்றது. மஸ்லாக்கினது பணம் கொடுத்துப் பெற வேண்டியது. வறிய நாடுகளின் ஆய்வாளர்க்கு இதுவும் சிறிய செய்தியன்று. ஒல்டன்பேர்க் வினாக்கொத்து முதலிய பிறவும் உள.

எதனைத் தெரிந்தாலும் மொழிபெயர்ப்புச் சிக்கல் உண்டு. ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியதை, மூலத்தைக் காணாத இன்னொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்புநோக்குவது வழக்கமான முறை. சொற்பிழை இதனால் நீங்கும். பொருட்பிழை நீங்கும் என்பதற்கு உறுதியில்லை. ‘உணர்ச்சி ரீதியாக வறண்டுவிட்டேன்’ என்று எந்தத் தமிழ்த் தாதியும் பேசுவதில்லை. ‘உடம்பு முறிஞ்சு போச்சு’, ‘அலுத்துப் போச்சு’, ‘மனம் விட்டுப் போச்சு’ என்பார்கள். முதலாவது உடற்களைப்பு, இரண்டாவது சலிப்பு, மூன்றாவதே நாம் தேடும் பொருளுக்கு அண்மையது. இவற்றுள் எதனை எழுதுவது என்பதைப் பொறுத்து எண் ஏறவும் இறங்கவும் கூடும். தாதியர் சிலரை அமர்த்தி, ஒவ்வொரு வினாவையும் படித்து அதிலிருந்து அவர்கள் என்ன விளங்கிக்கொள்கின்றனர் என்று கேட்டறிந்த பின்னரே அச்சிடுதல் தகும்.

விடையளிப்போர் யார் என்பதும் பெரிய கேள்வி. மிகவும் களைத்த தாதிக்கு வினாத்தாளை நிரப்ப நேரமோ மனமோ இராது. முற்றாகக் கருகியவர் வேலையை விட்டே போயிருப்பார். எனவே வைத்தியசாலையில் அளக்கப்படுவது எஞ்சி நிற்போரின் நிலையே. போர்க்களத்தில் மீண்டு வந்தோரை மட்டும் எண்ணிக் காயத்தின் கடுமையை மதிப்பிடுவது போன்றது இது. மாறாக, மனக்குறை உடையவரே விரைந்து விடையளிப்பர் என்றும் கூறுவதுண்டு. இரண்டும் நிகழக்கூடியவை, விடையளியாதோர் எத்தனை பேர், எப்பிரிவினர் என்பதைக் கூறாத ஆய்வை ஐயத்தோடு படித்தல் வேண்டும்.

அளந்து ஆவதென்ன என்று கேட்போர்க்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஆய்வைக் காட்டலாம். லிண்டா ஐக்கன் அம்மையாரும் குழுவினரும் 168 வைத்தியசாலைகளில் 10,184 தாதியரின் விடைகளையும், சத்திரசிகிச்சை பெற்ற 232,342 நோயாளரின் பதிவுகளையும் இணைத்து நோக்கி 2002 இல் முடிவை வெளியிட்டனர். தாதி ஒருவருக்குரிய நோயாளர் தொகையில் ஒருவர் கூடுந்தோறும், தாதி கருகல் நிலையை அடையும் சாத்தியம் நூற்றுக்கு 23 வீதத்தால் உயர்ந்தது. நோயாளர் 30 நாளினுள் இறக்கும் சாத்தியம் 7 வீதத்தால் உயர்ந்தது. ஏழு சிறிதெனத் தோன்றலாம். நால்வரைப் பார்க்கும் தாதிக்கும் எண்மரைப் பார்க்கும் தாதிக்கும் இடையே அது பெருகிப் பெருகி 31 வீதமாகின்றது. ஒரே காலத்தில் எடுத்த கணக்கு ஆதலால் காரண காரியம் இதனால் முற்றாக நிறுவப்பட்டதென்று கூறலாகாது. ஆயினும் தாதியின் உள்ளமும் நோயாளரின் உயிரும் ஒரே பட்டியலில் வரிசையாக நின்றமை இங்கேதான். கலிபோர்ணியா மாநிலம் 1999 இல் சட்டமியற்றி, 2004 தொடக்கம் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளர்க்கு மேல் ஒப்படைக்கலாகாது என எல்லை வகுத்தது. பொது மருத்துவ, சத்திரசிகிச்சைப் பகுதிகளில் அது முதலில் 6 ஆகவும் 2005 தொடக்கம் 5 ஆகவும் இருந்தது.

இதற்கு நேர்மாறான பயன்பாடும் நடைபெறக்கூடும். புள்ளி உயர்ந்த தாதியை அழைத்து, மூச்சுப் பயிற்சி செய்யுமாறு அறிவுரை கூறி, அதே எண்மரை மீண்டும் அவரிடம் ஒப்படைத்தல் எளிது. செலவும் இல்லை. அளவுகோல் பணியிடத்தை அளப்பதை விட்டு ஆளை அளப்பதாகிவிடும். கருகியவர் என்ற பெயர் குற்றப்பெயராகிவிடும். அவ்வாறு ஒருமுறை நடந்த வைத்தியசாலையில் மறுமுறை உண்மையான விடை கிடைக்காது. மேற்பார்வையாளர் கையிற் சேருமென்று தெரிந்தால் எவரும் 0 க்கும் 1 க்கும் மேல் வட்டமிடார்.

ஆதலால் வினாத்தாளை யார் சேர்ப்பது, யார் வைத்திருப்பது என்பன புள்ளிவிபரவியலுக்கு வெளியே உள்ள சிறு செய்திகளல்ல. தாளிற் பெயர் எழுதப்படுவதில்லை. எனினும் பிரிவு, வயது, சேவைக்காலம் ஆகிய மூன்றும் கேட்கப்படின், எட்டுத் தாதியர் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவில் அது பெயரெழுதியதற்கு ஒப்பாகும். நல்ல ஆய்வாளர் வயதைப் பத்தாண்டுக் கூறுகளாகவே கேட்பர்; சிறிய பிரிவுகளின் சராசரியைத் தனியே வெளியிடாது பல பிரிவுகளைச் சேர்த்தே வெளியிடுவர்; உறையிலிட்டு ஒட்டிய தாள்களை வைத்தியசாலைக்கு வெளியே உள்ளவர் ஒருவரே திறப்பர். அதே தாதியரை ஆறு மாதம் கழித்து மீண்டும் அளக்க வேண்டின், பெயருக்குப் பதிலாகத் தாயின் பெயரின் முதலெழுத்தும் தாம் பிறந்த திகதியும் சேர்ந்த குறியீடொன்றைத் தாதியரே அமைத்து எழுதுவர்.